காற்று வரக் கட்டிய வண்டிக்குள் ஏசி

ஆகஸ்ட் மாதம், பிற்பகல் மூன்று மணி. டெக்சாஸ் மாநிலத்தில் பர்னெட் ஊருக்குப் பக்கம் இருக்கும் இங்க்ஸ் ஏரிப் பூங்காவில் பின்னால் கட்டி இழுத்துப்போய்த் தங்கும் எங்கள் டிரெய்லர் வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வெளியே 38 டிகிரி செல்சியஸ். உள்ளே, ஜன்னலில் செருகிய சின்ன ஏசி நிற்காமல் ஓடியும் 34. ஏசிக்கு நேராக முகத்தை வைத்தால் சில்லென்று இருந்தது. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால் வியர்வை. "இதுக்குப் பேசாம மோட்டல்லயே ரூம் போட்டிருக்கலாம்" என்றார் மனைவி. என்னிடம் பதில் இல்லை. ஏசி வந்த அட்டைப்பெட்டியில் 150 சதுர அடி அறைக்குப் போதும் என்று அச்சடித்திருந்தது. எங்கள் வண்டியின் தரை மொத்தமே 65 சதுர அடி.

அந்தக் கணக்கு ஏன் பொய்த்தது, அப்புறம் என்ன செய்தோம், எதையெல்லாம் கெடுத்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். நான் ஏசி மெக்கானிக் இல்லை. ஹூஸ்டனில் அந்த வேலை செய்யும் நண்பர் ஒருவர் போனிலேயே பாதியைச் சொல்லிக்கொடுத்தார். மீதியைச் செய்து கெடுத்துத்தான் கற்றுக்கொண்டோம்.

வண்டியைப் பற்றி

ஷாஸ்டா டிரெய்லர், 1960களின் தொடக்கத்தில் வந்தது, அந்த வரிசையில் மிகச் சிறிய அளவு. உள்ளே 10 அடி நீளம், ஆறரை அடி அகலம், நடுவில் மட்டும் தலை இடிக்காமல் நிற்கலாம். ஷாஸ்டா நிறுவனம் 1941-இல் கலிபோர்னியாவில் ராபர்ட் கிரே என்பவர் தொடங்கியது; முதலில் ராணுவத்தாருக்குத் தங்கும் வண்டிகள் செய்தார்கள், போருக்குப் பிறகு விடுமுறைக் குடும்பங்களுக்கு. பின்பக்கம் இரண்டு பக்கமும் முளைத்திருக்கும் உலோகச் சிறகுகளைப் பார்த்தே இந்த ஊர்க்காரர்கள் ஷாஸ்டா என்று சொல்லிவிடுவார்கள். பக்கவாட்டில் பார்த்தால் டப்பாவில் அடைத்து விற்கும் பன்றி இறைச்சியின் டப்பா மாதிரியே இருப்பதால் இந்த உருவத்துக்குக் 'கேன்ட் ஹாம்' என்று பட்டப்பெயர்.

வெளியே பார்க்க அலுமினியம். உள்ளே அத்தனையும் மரம். முக்கால் அங்குல கனமுள்ள ரீப்பர்களால் ஒரு கூடு, அதன் உட்புறம் மெல்லிய பிளைவுட், வெளிப்புறம் காகிதத்தைவிடக் கொஞ்சம் கனமான தகடு. நடுவில் இருக்கும் முக்கால் அங்குல இடைவெளியில் கண்ணாடி இழைப் பஞ்சு. அறுபது வருடம் ரோட்டில் குலுங்கியதில் அந்தப் பஞ்சு முழுக்கச் சரிந்து சுவரின் அடியில் குவிந்து கிடந்தது. சுவரின் மேல்பாதி வெறும் கூடு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஜன்னல்கள். கண்ணாடிப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் லூவர் ஜன்னல். ஒரு பிடியைத் திருகினால் எல்லாப் பட்டையும் சேர்ந்து திறக்கும். மழை பெய்தாலும் காற்று வரும், தண்ணீர் வராது. எதிரெதிரே இரண்டு, பின்னால் ஒன்று, கூரை நடுவில் திருகித் திறக்கும் ஒரு மூடி. கீழே நுழையும் காற்று சூட்டைத் தூக்கிக்கொண்டு கூரை வழியே போகும். வண்டி மொத்தமும் காற்று நுழைவதற்காகவே யோசித்துச் செய்த பொருள். ஏசிக்கு வேண்டியதோ இதற்கு நேர் எதிர். வெளிக்காற்று உள்ளே வராமல் இருந்தால்தான் அது வேலை செய்யும். இந்தத் தகராறு புரிய எனக்கு ஒரு கோடைக்காலம் முழுதும் தேவைப்பட்டது.

அந்தக் காலத்தில் யாருமே யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. வாலி பையம் 1936-இல் கொண்டுவந்த ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் டிரெய்லரில் உலர்பனியை (உறைய வைத்த கரியமில வாயு) வைத்துக் காற்றைக் குளிர்விக்கும் ஏற்பாடு உண்டு. கார் ஜன்னலில் மாட்டும் உருளை வடிவ நீர்க் குளிர்விப்பான்களும் அப்போது ஓடின. அரிசோனா, நியூ மெக்சிகோ மாதிரி வறண்ட பாலைவனத்தில் அவை நன்றாகவே வேலை செய்யும். மத்திய டெக்சாசில் மெக்சிகோ வளைகுடாவின் ஈரம் காற்றில் நிற்கிறது. இங்கே அதை ஓட்டினால் வண்டிக்குள் இட்லிப் பானை.

சூட்டுக் கணக்கு

நண்பர் முதலில் சொன்னது இது: "தம்பி, ஏசி குளிரை உண்டாக்காது. உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டும். எவ்வளவு சூடு உள்ளே வருதுன்னு எண்ணிட்டு அப்புறம் ஏசியைப் பேசு." உட்கார்ந்து எண்ணினோம். ஏசி அளவை இங்கே பிடியு என்று சொல்வார்கள். நம் ஊரில் சொல்லும் ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு.

வெளியே 38, உள்ளே 25 வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். பக்கச் சுவர், தரை வழியாக வருவது சுமார் 1,450 பிடியு. கூரை பரப்பளவில் சின்னது என்றாலும் வெயிலில் தகடு 65 டிகிரிக்குக் காயும், அதனால் அது மட்டும் 1,200 பக்கம். ஜன்னல் கண்ணாடி மொத்தம் 20 சதுர அடி. கண்ணாடி சூடாவதால் 500, வெயில் நேராக அடிக்கும் பாதிக் கண்ணாடி வழியாக இன்னும் 1,500. லூவர் இடுக்குகளில் கசியும் வெளிக்காற்றுக்கு அதன் ஈரத்தையும் சேர்த்து 1,400. இரண்டு மனிதர்கள் 900. விளக்கு, விசிறி எல்லாம் 200. கூட்டினால் 7,000 சொச்சம்.

நாங்கள் வைத்திருந்தது 5,000 பிடியு. பெட்டியில் போட்டிருந்த 150 சதுர அடி வீட்டு அறைக்கான கணக்கு. வீட்டு அறையின் நாலு சுவரில் ஒன்றோ இரண்டோதான் வெயிலைப் பார்க்கும், மேலே பரண் இருக்கும். டிரெய்லருக்கு ஆறு பக்கமும் வெளிப்பக்கம். தரைக்கு அடியில்கூடக் காய்ந்த தார்ச்சாலைக் காற்று. சதுர அடியை வைத்து ஏசி வாங்குகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கணக்கைத் திரும்பப் பார்த்தால் இன்னொன்று தெரிந்தது. 7,000-இல் பெரிய துண்டுகளில் மூன்று (ஜன்னல் வெயில், கசியும் காற்று, கூரை) தடுக்கக் கூடியவை. எனக்கு 8,000 பிடியு ஏசி வாங்கி விஷயத்தை முடித்துவிட ஆசை. நண்பர் விடவில்லை. தேவைக்கு மேல் பெரிய ஏசி பத்து நிமிடத்தில் காற்றைக் குளிராக்கிவிட்டு நின்றுவிடும்; ஈரத்தை இழுக்க அதற்கு ஓடும் நேரம் கிடைக்காது. சில்லென்று, ஆனால் போர்வையெல்லாம் நசநசவென்று இருக்கும். கடற்கரை ஊர் லாட்ஜுகளில் இந்தச் சுகத்தை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எந்த ஏசி

கூரை ஏசிதான் இந்த நாட்டில் வழக்கம். பெரும்பாலான பொழுதுபோக்கு வண்டிகளின் கூரையில் 14 அங்குலச் சதுர ஓட்டை இருக்கும், அதன்மேல் 13,500 அல்லது 15,000 பிடியு பெட்டியை உட்கார வைத்து நாலு போல்ட்டை முடுக்கினால் வேலை முடிந்தது. எங்களுக்கு அது சரிப்படவில்லை. பெட்டியின் எடை 40 கிலோ பக்கம். முக்கால் அங்குல ரீப்பர் மேல் 40 கிலோவை வைத்துக் குண்டும் குழியுமான சாலையில் ஓட்டினால் கூரை தொய்யும், தொய்ந்த இடத்தில் மழைத்தண்ணீர் நிற்கும், நின்ற தண்ணீர் மரத்துக்குள் இறங்கும். கூரைக்குள் இரும்புச் சட்டம் வைத்து எடையைப் பக்கச் சுவருக்குக் கடத்திச் செய்தவர்கள் இருக்கிறார்கள், செய்யலாம். 65 சதுர அடிக்கு ஒரு டன்னுக்கு மேல் எதற்கு என்பது ஒன்று. அந்தச் சின்ன உருண்டைத் தலையில் அவ்வளவு பெரிய தொப்பியை வைக்க மனசு வரவில்லை என்பது இன்னொன்று.

ஸ்பிளிட் ஏசியையும் யோசித்தோம். சத்தம் இல்லை, மின்சாரமும் குறைவு. வெளிப்பெட்டியை வண்டியின் மூக்கில், இழுவைக் கம்பியின் மேல் வைக்கலாம். ஆனால் அதன் செம்புக் குழாய் இணைப்புகள் அசையாத சுவருக்காகச் செய்தவை. ஓயாமல் அதிரும் வண்டியில் ஒரு நாள் கசியும். கேஸ் வேலையைத் தொட இங்கே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 608 சான்றிதழ் வேண்டும், என்னிடம் இல்லை. ஒவ்வொரு கசிவுக்கும் நண்பரை ஹூஸ்டனிலிருந்து வரவழைத்தால் நட்பு போய்விடும்.

சக்கரம் வைத்து உருட்டும் ஒற்றைக்குழாய் ஏசியைப் பற்றி ஒரு வார்த்தை: வேண்டாம். அது உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்றையே எடுத்துத் தன் சூட்டை ஏற்றி வெளியே ஊதும். அப்படி ஊதிய அளவுக்கு வெளிக்காற்று எல்லா இடுக்கு வழியாகவும் உள்ளே ஓடிவரும். இடுக்குகளே வண்டியாக இருக்கும் ஷாஸ்டாவில் இதைவிடப் பொருந்தாத கருவி கிடையாது. பெட்டியில் இரண்டு பிடியு எண் போட்டிருக்கும்; சின்ன எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

கடைசியில் 6,000 பிடியு ஜன்னல் ஏசி, அரை டன். எடை 20 கிலோ, கேஸ் தொழிற்சாலையிலேயே அடைத்தது, கெட்டால் எந்த ஊரிலும் இன்னொன்று வாங்கிப் போடலாம். ஜன்னலில் வைக்காமல், பின்பக்கச் சாப்பாட்டு மேசையின் பெஞ்சுக்கு அடியில் ஒளித்து வைப்பது என்று முடிவு.

ஏசிக்கு முன்னால் செய்தவை

கூரைத் தகட்டையும் மேல் சுவர்த் தகட்டையும் கழற்றி, சரிந்த பஞ்சை எடுத்துவிட்டு, ரீப்பர் இடைவெளிகளில் முக்கால் அங்குல நுரைப்பலகையை வெட்டிச் செருகினோம். தெர்மோகோலின் கெட்டியான அண்ணன் என்று சொல்லலாம், தண்ணீர் குடிக்காது. தகட்டைத் திரும்பப் பொருத்தும்போது விளிம்பெல்லாம் பியூட்டைல் ரப்பர் ஒட்டு நாடா. இதில் சிலிகான் தடவுகிறவர்கள் நிறைய. அது காய்ந்து உரியும், அடுத்த முறை எதுவும் அதன்மேல் ஒட்டாது. கூரைக்கு வெள்ளைப் பூச்சு. வெயில் படும்போது கூரையின் உட்புறத்தை வெப்பமானியால் பார்த்தேன்: முன்பு 46, இப்போது 36.

பளபளக்கும் அலுமினியம் வெயிலைத் திருப்பி அனுப்பும், பெயின்ட் எதற்கு என்று ஒருவர் கேட்டார். வெயிலைத் திருப்பும், உண்மைதான். ஆனால் வாங்கிய கொஞ்சச் சூட்டை வெளியே விடாது. வெற்று உலோகம் வெப்பக் கதிரை வீசுவதில் படு கஞ்சன். வெள்ளைப் பெயின்ட் இரண்டையும் செய்யும்.

லூவர் பட்டைகளின் விளிம்பில் ஒவ்வொன்றாக ரப்பர் பீடிங் ஒட்டினேன். மொத்தம் மூன்று நாள், முதுகு போய்விட்டது. வெயில் பக்கக் கண்ணாடிக்கு வெளியே வெள்ளித்தாள் போர்த்திய திரை. உள்ளே மாட்டும் திரையில் பயன் பாதிதான். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு துணி தடுத்து என்ன, சூடு உள்ளே வந்தாயிற்று. இத்தனையும் சேர்த்து 2,300 பிடியு குறையும் என்று கணக்கு சொன்னது. 7,000 இப்போது 5,000-க்குக் கீழே. மின்சாரம் ஒரு வாட் செலவாகவில்லை.

முதல் தவறு

பின்சுவரில் 50 சென்டிமீட்டருக்கு 36 சென்டிமீட்டர் ஓட்டை. அறுபது வருடம் பிழைத்த தகட்டில் ரம்பத்தை வைக்கும்போது கை நடுங்கியது, மறைக்கவில்லை. வெட்டிய துண்டைத் தூக்கிப் போடாமல் அதையே கீல் வைத்துக் கதவாக்கினோம். வண்டியின் மேல் ஓடும் மஞ்சள் பட்டை அப்படியே தொடரும். மூடியிருந்தால் தேடிப் பார்த்தால்தான் தெரியும். ஓட்டையைச் சுற்றி வெட்டுப்பட்ட ரீப்பர்களுக்குப் பதிலாக நாலு பக்கமும் புதுச் சட்டம்.

ஏசியை பெஞ்சுக்குள் வைத்து, அதன் முதுகைத் திறந்த கதவுக்கு நேராக ஒட்டி நிறுத்தினோம். முன்பக்கம் பெஞ்சுப் பலகையில் கிரில். ஆன் செய்தோம். ஐந்து நிமிடம் சொர்க்கம். இருபதாவது நிமிடம் கம்ப்ரசர் நின்றுவிட்டது, விசிறி மட்டும் ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப ஓடி, திரும்ப நின்றது. பெஞ்சுப் பலகையைத் தொட்டால் கை சுட்டது.

ஜன்னல் ஏசியின் முதுகு வழியாகச் சூடான காற்று வெளியேறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காற்று எங்கிருந்து உள்ளே போகிறது என்று நான் யோசிக்கவேயில்லை. பெட்டியின் இரு பக்கத்திலும் தலையிலும் சீப்புப் பல் மாதிரி வெட்டுகள் இருக்கின்றனவே, அவைதான் வாய். ஜன்னலில் பொருத்தும்போது அவை சுவருக்கு வெளியே நிற்கும். அதற்காகத்தான் பெட்டி அவ்வளவு தூரம் வெளியே துருத்துகிறது. நாங்கள் வாயைப் பெஞ்சுக்குள் அடைத்துவிட்டோம். அது தான் விட்ட சூட்டையே திரும்ப இழுத்து, கம்ப்ரசர் காய்ந்து, பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்தியது. கம்ப்ரசர் எரியாமல் போனது அந்த சுவிட்சின் புண்ணியம்.

இதற்கு இரண்டு வழி. பெஞ்சுக்குள் தடுப்புப் பலகை வைத்து, தரையில் தனி ஓட்டை வெட்டி அதன் வழியே காற்றை இழுக்கச் செய்வது ஒன்று. ஆனால் ஓடும்போது அந்த ஓட்டையில் சேறும் கல்லும் ஏறும், நிறுத்தினால் தார்ச்சாலையின் சூட்டையே குடிக்கும். இன்னொரு வழியைப் பிடித்தோம்: மேசை இழுப்பறைக்குப் போடுவார்களே அந்த டெலஸ்கோபிக் சேனல், 45 கிலோ தாங்கும் கனத்த ரகம், இரண்டு வாங்கி ஏசியை அதன்மேல் ஏற்றினோம். முகாமில் வண்டியை நிறுத்தியதும் கதவைத் திறந்து, ஏசியை 20 சென்டிமீட்டர் வெளியே தள்ளி, தாழ்ப்பாள் போட வேண்டியது. பக்கவாட்டு வெட்டுகள் முழுக்க வெளியே வந்துவிடும். சுற்றியுள்ள இடைவெளிக்கு ரப்பர் நுரை. புறப்படும்போது திரும்ப உள்ளே இழுத்துப் பூட்ட வேண்டும். இடம் மாறியதும் உடனே ஓட்டாமல் கொஞ்ச நேரம் விட்டுவைப்பேன், குலுங்கிய எண்ணெய் கம்ப்ரசருக்குள் இறங்கட்டும் என்று.

தண்ணீர்

மரக்கூடு வண்டியைக் கொல்வது வெயில் அல்ல, தண்ணீர். ஷாஸ்டா வாங்கப் போகிறவர்கள் முதலில் பின்மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் உள்ளே மரம் மண்ணாகிவிட்டது. அந்தப் பின்மூலைக்குப் பக்கத்தில்தான் நாங்கள் தண்ணீர் சொட்டும் இயந்திரத்தை வைத்தோம்.

எங்கள் கணக்குப்படி இரண்டு பேர் மூச்சுக்கும் கசியும் காற்றுக்கும் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் பிரியும். இந்தக் காலத்து ஜன்னல் ஏசி அதை உடனே வெளியே விடுவதில்லை. பெட்டியின் அடியில் தேக்கி, விசிறியின் வளையத்தால் சூடான கம்பிச்சுருள்மேல் வாரியடிக்கும். அதனால் சுருள் சீக்கிரம் குளிரும். உள்ளே சலசலவென்று கேட்பது அதுதான். பெட்டி நிறைந்தால் மட்டும் பின்பக்கம் வழியும். பின்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டில் ஒருமுறை பார்த்து வைத்தால் போதும். வண்டியோ ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு சாய்வில் நிற்கும்.

இரண்டாவது பயணத்தில் மூக்கு தாழ்ந்த இடத்தில் நிறுத்திவிட்டோம். காலையில் பெஞ்சுக்கு அடியில் வைத்திருந்த செருப்பு மிதக்கவில்லை, அவ்வளவுதான். புது பிளைவுட் ஓரம் ஊதிவிட்டது. இப்போது ஏசிக்கு அடியில் மடித்த அலுமினியத் தட்டு ஒன்று இருக்கிறது, அதிலிருந்து தரை வழியாக ஒரு குழாய். முகாமில் இறங்கியதும் நான் செய்யும் முதல் வேலை ரசமட்டம் வைத்துப் பார்ப்பது. தேங்கும் தண்ணீரைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்: 2025 ஜூனில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு வகை ஜன்னல் ஏசிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது, சுமார் 17 லட்சம் பெட்டிகள். தண்ணீர் வேகமாக வடியாமல் உள்ளே பூஞ்சை பிடித்ததுதான் காரணம்.

மின்சாரம்

வண்டியோடு வந்த வயரில் இரண்டே கம்பி. எர்த் கிடையாது. தகடு போர்த்திய வண்டியில் எங்காவது ஒரு வயர் உரசித் தோல் போனால் வண்டி முழுதும் கரன்ட் ஏறும். ஈரத் தரையில் நின்று கதவுப் பிடியைத் தொடுகிறவர்தான் எர்த். அதைப் பழுது பார்க்கக்கூட யோசிக்கவில்லை, மொத்தத்தையும் உருவி எறிந்தோம்.

பூங்காக்களில் இந்த அளவு வண்டிக்குக் கிடைப்பது 30 ஆம்ப், 120 வோல்ட் இணைப்பு, அதாவது 3,600 வாட். அதற்கேற்ற வெளிப்பிளக், பத்தாம் நம்பர் வயர் (இங்கே நம்பர் குறையக் குறைய வயர் கனம்), சின்ன பிரேக்கர் பெட்டி. ஏசிக்கு மட்டும் தனியாக 20 ஆம்ப் பிரேக்கரும் பன்னிரண்டாம் நம்பர் வயரும். அடிச்சட்டத்தை எட்டாம் நம்பர் செம்புக் கம்பியால் எர்த்தோடு கட்டினோம். ஒன்று முக்கியம்: வண்டிப் பெட்டிக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கவே கூடாது. வீட்டு மெயின் பெட்டியில் சேர்த்திருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் சேர்த்துவிடுவார்கள். சேர்ந்தால் நியூட்ரலில் திரும்பும் கரன்ட் தகட்டிலும் ஓடும். வண்டி பக்கம் அவை பிரிந்தே இருக்க வேண்டும்.

இன்னொன்று, வீட்டில் நிறுத்திச் சோதிக்க வெளியே ஒரு 30 ஆம்ப் பாயின்ட் வைக்கச் சொன்னோம். வந்த எலக்ட்ரீஷியன் அந்தப் பிளக்கைப் பார்த்ததும், துணி உலர்த்தும் மெஷினுக்குப் போடுவது என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிட்டார். இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். செருகும் முன் மீட்டர் வைத்துப் பார்த்ததால் ஏசி பிழைத்தது. எவ்வளவு அனுபவசாலி செய்தாலும் மீட்டர் வைக்காமல் செருகாதீர்கள்.

எங்கள் ஏசி ஓடும்போது 510 வாட், நாலரை ஆம்ப். கூரை ஏசி என்றால் 12 ஆம்ப்புக்கு மேல் போகும், கிளம்பும் நொடியில் இழுப்பது அதைப்போலப் பல மடங்கு. சின்னதாக வைத்ததன் பலன் இங்கே தெரிந்தது: கையில் தூக்கும் 2,200 வாட் ஜெனரேட்டரே தாராளமாக இழுக்கிறது. 12 வோல்ட், 200 ஆம்ப்-மணி லித்தியம் பேட்டரியில் நிற்காமல் நாலரை மணி நேரம் ஓடும் என்பது கணக்கு. கணக்குப் போட்டதோடு சரி, அந்தப் பேட்டரியின் விலை இந்த வண்டிக்கு நான் கொடுத்த விலையில் பாதி.

யாரும் சொல்லாத எடை

ஏசி, சட்டம், சேனல், தட்டு எல்லாம் சேர்த்துப் பின்பக்கம் 25 கிலோ ஏறியது. முதல் நெடுஞ்சாலைப் பயணத்திலேயே லாரி கடந்துபோகும்போது வண்டி வாலாட்டியது. இழுபட்டு வரும் வண்டியின் மூக்கில் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் அழுத்த வேண்டும். குறைந்தால் பின்பக்கம் ஆடத் தொடங்கும், வேகத்தில் அது ஆபத்து. அச்சுக்குப் பின்னால் ஏற்றிய 25 கிலோ மூக்கிலிருந்து 12 கிலோவைத் தூக்கிவிட்டது, எங்கள் 600 கிலோ வண்டிக்கு அது அதிகம். வண்டியில் ஏற்கனவே இருந்த பேட்டரியையும் தண்ணீர் கேனையும் மூக்குப் பக்கம் நகர்த்தியதும் ஆட்டம் நின்றது.

அடுத்த ஆகஸ்ட்

அதே ஏரி, ஏறக்குறைய அதே வெயில். வெளியே 38. மதியம் ஒன்றரைக்கு ஆன் செய்தோம், மூன்று மணிக்கு உள்ளே 26, ஈரப்பதம் 52 சதவீதம். மாலை ஆறுக்கு மேல் 24-க்கு இறங்கி, கம்ப்ரசர் நின்று நின்று ஓடியது. கையால் செய்த வேலையின் கூலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மொத்தச் செலவு 900 டாலர் பக்கம். அதில் ஏசியின் விலை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வயரும் நுரைப்பலகையும்தான் அதிகம். சத்தம் மட்டும் இன்னும் தொந்தரவு. தலைமாட்டிலேயே பெஞ்சு இருப்பதால் கம்ப்ரசர் கிளம்பும்போதெல்லாம் விழிப்பு வருகிறது. அடியில் ரப்பர் வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை.

அன்று இரவு இருவருக்கும் தலைவலி. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். ஊருக்குத் திரும்பிக் கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. வண்டிக்குள் காற்று மொத்தம் 11,600 லிட்டர் பக்கம். தூங்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 12 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். முழுக்க அடைத்த பெட்டி என்றால் இரண்டு பேருக்கு மணிக்கு 2,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2,000 பங்கு) ஏறும். ஜன்னல் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே சுற்றுகிறது. பழைய ஷாஸ்டாவில் இந்தக் கவலையே கிடையாது. எல்லா இடுக்கிலும் காற்று வந்தது. மூன்று நாள் முதுகு ஒடிய பீடிங் ஒட்டி அதை அடைத்தது நான்தான். உள்ளே கேஸ் அடுப்பு வேறு இருக்கிறது. மறுநாளே கார்பன் மோனாக்சைடு, கேஸ் இரண்டுக்கும் அலாரம் வாங்கி மாட்டினேன். ஏசி ஓடும்போது அடுப்பு வெளியே, மர மேசையில்தான்.

இப்போது படுக்கப் போகும் முன் கூரை மூடியை ஒரு விரல்கடை திறந்து வைக்கிறோம், கால்மாட்டு லூவரில் கீழ்ப்பட்டை ஒன்றின் பீடிங்கைப் பிய்த்துவிட்டேன். 24 இப்போது 25. மனைவி போர்வையை இழுத்துக்கொண்டு, "அந்த ஓட்டையை முதல்லயே விட்டிருக்கலாம்ல, ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்" என்றார்.